மேனேஜர் இடம் மாறிய காரணம்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் என் மாமனார் வைத்த பெயர். வைத்தபோது என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் இந்த மாதிரிச் சிரிப்புகளைக் கண்டும் காணாமல் இருக்கப் பழக வேண்டும். நான் நாலு வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கைவரவில்லை.

மேனேஜர் தூங்குவது மாமாவின் மெத்தை நாற்காலியில்தான். மாமா உட்கார வந்தால் அரைக்கண் திறந்து பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று ஓரமாக நகரும். அப்படி ராஜபோகமாக இருந்த பூனை, இரண்டு மாதத்துக்கு முன்னால் நடையில் இருக்கும் செருப்பு அலமாரியின் மேல் படுக்க ஆரம்பித்தது. வெறும் தகர அலமாரி. உள்ளே இருப்பதெல்லாம் என் வேலைக்குப் போடும் பூட்ஸ். அதன் வாசனையைப் பற்றி வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மெத்தையை விட்டுவிட்டு அங்கே போய், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பகல் முழுக்கத் தூங்குகிறது.

"மேனேஜர் ஏன் இடம் மாத்திடுச்சு?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் மறுநாள் அலுவலகத்துக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க பூட்ஸ் வாசனைக்கு மயங்கியிருக்கும்."

"விளையாடாதே. மெத்தையை விட்டுட்டு தகரத்துல யாராவது படுப்பாங்களா?"

"பூனை எங்கே படுத்தா உங்களுக்கு என்னங்க? வேற வேலை இல்லையா?"

வேலை இருக்கிறது. என் வேலையே இதுதான். ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் பன்னிரண்டு அறைகளின் வெப்பநிலையை மணிக்கொரு தரம் அளந்து எழுதுகிறவன் நான். ஏழாம் அறையில் அரை டிகிரி ஏறினால், கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, எவனாவது சாத்தாமல் போனானா என்று காரணம் கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. மண்டைக்குள் ஒன்று நுழைந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. மாமா இதை "ஆராய்ச்சி" என்பார். அதைச் சொல்லும்போதும் அந்தச் சிரிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜரை நகர்த்திவிட்டு, அது முதுகு வைத்திருந்த இடத்தில் கை வைத்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பூனையின் சூடாக இருக்கும் என்று ஒரு சாண் மேலே தொட்டேன். இன்னும் சூடு. இன்னும் ஒரு சாண் மேலே மெயின் போர்டு இருந்தது.

அந்த மெயின் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா முப்பத்தோரு வருஷம் ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். பள்ளிக்கூடப் பேரேடுகள், கனத்த அகராதிகள் எல்லாம் அவர் கையால் தைத்தவை. அச்சகத்தை மூடியபோது, புத்தகம் தைக்கும் கம்பிச் சுருள் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் வாரம் ஒரு தரம் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய ஃபியூஸ் கம்பியை விரலில் வைத்துப் பார்த்து, "தலைமுடி மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு கம்பியா? அறுந்து போகாம என்ன செய்யும்?" என்றார். தன் சுருளிலிருந்து கம்பியை வெட்டி, மூன்று இழையாக முறுக்கி, பீங்கான் கட்டையில் கட்டி மாட்டினார். ஆயிரம் பக்கத்தைத் தாங்கின கம்பி. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனதே இல்லை.

செய்தி தெருவில் பரவியது. எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் மாமாவுக்கு ஆள் வந்தது. அவரும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார், ஒரு டம்ளர் டீயைத் தவிர. வேலை முடிந்ததும் பைண்டர் புத்தியை விடாமல், போர்டு மூடியின் உட்புறம் ஒரு சின்னச் சீட்டை ஒட்டுவார். அதில் எண், தேதி, கீழே அவருடைய முத்து முத்தான எழுத்தில் 'பழுது நீக்கப்பட்டது'. எங்கள் வீட்டுச் சீட்டு எண் ஒன்று. தெருவில் அவருக்கு இப்போது ஃபியூஸ்காரர் என்று பெயர். அச்சகம் மூடியதிலிருந்து கூனிப்போயிருந்த மனுஷர், அந்தப் பெயர் வந்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன்.

ஆகவே சுவர் சுடுகிறது என்று அவரிடம் போய்ச் சொல்வது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குட்டி மகளின் கட்டில் கிடக்கிறது. இரண்டு வயது. மத்தியானம் மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள், அதே சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.

கட்டிலை அன்றைக்கே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். மனைவி ஏன் என்று கேட்டதற்குக் காற்று வரட்டும் என்றேன். கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த அளவுமானி பையில் இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும், குறி வைத்து அழுத்தினால் எட்ட இருந்தே எவ்வளவு சூடு என்று காட்டும். மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன்.

காலை ஆறு மணிக்குச் சுவர் இருபத்தொன்பது. ஏழேகாலுக்கு, மூன்று பேர் வெந்நீரில் குளித்து முடித்த பிறகு, முப்பத்தொன்பது. வெந்நீர் ஹீட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் இடம் மாறியதும் இரண்டு மாதமாகத்தான். எட்டு மணிக்கு மனைவி ஒரு கூடைத் துணியை இஸ்திரி போட்டபோது நாற்பத்தி நாலு. போர்டின் மூடி அறுபத்தொன்று. எதிர்ச் சுவர் மட்டும் எல்லா நேரமும் இருபத்தெட்டிலேயே நின்றது.

"என்ன மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள வேட்டையா?" மாமா செய்தித்தாளோடு வந்து நின்றார்.

"சுவர் சுடுது மாமா. போர்டுக்குக் கீழே."

"வெயில் படுது."

"நடையில வெயில் ஏது மாமா?"

மாமா கூரையைப் பார்த்தார். உண்மையிலேயே வெயிலைத் தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் கண் மேனேஜர் மேல் விழுந்தது.

"இது சாய்ஞ்சு சாய்ஞ்சு படுத்தா சுவர் சுடாம என்ன செய்யும்? பூனை உடம்பே ஒரு அடுப்பு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. சுவர் சுடுவதால் பூனை வந்ததா, பூனை வந்ததால் சுவர் சுடுகிறதா என்று ஒரு பைண்டரும் ஒரு வெப்பநிலைக்காரனும் காலங்காத்தால வாதாட வேண்டுமா? "ஃபியூஸ் போர்டு கெட்டிருக்கு மாமா" என்று கத்தியிருப்பேன். நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் ஏழாம் அறைக் கதவைப் பற்றி மேலதிகாரியிடம் சண்டை போட்டு ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. அளந்து காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்.

"சரி மாமா. பூனையை எடுத்துட்டுப் பார்ப்போம்," என்றேன்.

மேனேஜரைப் பிடித்துப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்தினோம். அது போட்ட கூச்சலில் குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருமா சேர்ந்து மேனேஜரை சஸ்பெண்ட் பண்ணிட்டீங்களா?" என்றாள். அவளை ஒரு மணி நேரத்துக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். சுவர் ஆறியது. முப்பது.

"பார்த்தீங்களா? பூனை போச்சு, சூடும் போச்சு," என்றார் மாமா, ஜெயித்த குரலில்.

"இப்போ பூனை இல்லாமலே ஹீட்டரையும் இஸ்திரியையும் போடுவோம் மாமா. கொஞ்ச நேரம்தான். பக்கத்துலயே நிப்போம்."

இதற்குள் மாமாவுக்கும் மூக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது. அளவுமானியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முதலில் தன் டீயை அளந்தார். பிறகு என் நெற்றியை, மகளின் கையை, ஜன்னல் கண்ணாடியை. "நல்லா இருக்கே இது" என்றார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, பக்க எண் சரிபார்க்கிறவர் மாதிரி சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அழுத்தி, வந்த எண்ணைச் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினார். முப்பது. முப்பத்தி மூன்று. முப்பத்தி ஏழு. நாற்பத்தி இரண்டு வந்தபோது மாமா அளவுமானியைத் திருப்பி அதன் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். நாற்பத்தி மூன்று.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

மாமா எழுந்தார். போர்டின் மூடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார். ஏதோ தீய்ந்துபோன வாடை எனக்கும் வந்தது. கையை நீட்டியவர், தொடாமலே இழுத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அவர் அந்த மூடியைத் தொடப் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மெயினை அணைச்சிடுங்க மாப்பிள்ளை," என்றார். "ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

அந்த வீட்டுக்குள் எலக்ட்ரீஷியன் என்று ஒரு ஜீவன் வந்ததே இல்லை. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி நின்றது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தோளில் கனத்த பை, காதில் சொருகிய பென்சில். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, மெயின் அணைந்திருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தாள். ஃபியூஸ் கட்டையை உருவினாள். வெள்ளைப் பீங்கான் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அதில் முறுக்கிய கம்பி மட்டும் கட்டினபடியே அசையாமல் இருந்தது.

"இது ஃபியூஸ் கம்பி இல்லையே. எதுல இருந்து எடுத்தது?"

"புத்தகம் தைக்கிற கம்பி," என்றார் மாமா. "நல்ல கம்பிம்மா. அறுந்து போகவே போகாது."

"அதுதாங்க தப்பே. ஃபியூஸ் கம்பியை மெல்லிசா வச்சிருக்கறதே அறுந்து போகத்தான். சுவத்துக்குள்ள போற வயர் தாங்க முடியாத அளவு கரண்ட் இழுத்தா, வயர் சூடாகறதுக்கு முன்னாடி இது அறுந்துடணும். இது அறுந்து போகலைன்னா அந்தச் சூடெல்லாம் எங்கே போகும்? உள்ளேதான்."

போர்டுக்குள்ளிருந்து சுவருக்குப் போகும் வயரை அவள் இரண்டு விரலால் பிடித்து லேசாக வளைத்தாள். மேலுறை காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?"

"குழந்தை கட்டில்," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கட்டிலை ஏன் இழுத்துப் போட்டேன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டு மாதம் மேனேஜர் அங்கே படுத்துக் கிடந்தும் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் மூடியின் உட்புறம் டார்ச் அடித்தாள். சீட்டைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இது யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

அவள் டார்ச்சை அணைத்தாள். "இதே எழுத்துல இன்னொரு சீட்டைப் பார்த்திருக்கேன் ஐயா. பாதி கருகிப்போய். பதினாலாம் நம்பர்."

"பதினாலா? அது நம்ம தையல்காரம்மா வீடு."

"அவங்கதான். மூணு மாசம் முன்னாடி. பகல் நேரம், ஆள் வீட்டுல இருந்தாங்க, மண்ணை அள்ளிப் போட்டு அணைச்சுட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லை. சுவர் பூரா கரி. புது போர்டு நான்தான் மாட்டினேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னு ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க. ஏன்னு எனக்கு அப்போ புரியலை."

எங்களுக்குப் புரிந்தது. தெருக்கோடித் தையல்காரம்மா மூன்று மாதத்துக்கு முன்னால் வாசல் நடையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்திருந்தார். "என்னம்மா, ஒரு சுவருக்கு மட்டும் கல்யாணமா?" என்று மாமா அவரைத் தெருவில் நிறுத்திக் கேலி பண்ணினார். அந்தம்மாவும் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் ஒரு சுவருக்கு மட்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஆராய்ச்சிக்காரன் என்ற பெயருக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. இந்த மனுஷர் ஒரு நாளாவது தப்புப் பண்ணி மாட்டிக்கொள்ள மாட்டாரா என்று நாலு வருஷமாகக் காத்திருந்தவன் நான். மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. எங்களுக்குள் அப்படிப் பழக்கம் இல்லை.

அவர் தானாகவே போய்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். நன்றாக ஒட்டின சீட்டு, சுலபத்தில் வரவில்லை.

"மொத்தம் எத்தனை மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருபத்திமூணு." யோசிக்காமல் சொன்னார். "இது ஒண்ணு. பதினாலு மாத்தியாச்சு. இன்னும் இருபத்தோரு வீடு இருக்கு."

எலக்ட்ரீஷியன் அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வயரை மாற்றிப் புது போர்டு மாட்டினாள். தானாக அணைகிற சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. அவள் ஹீட்டர், இஸ்திரி, இன்னும் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். டக்கென்று ஒன்று விழுந்து விளக்கு அணைந்தது. "இப்படித்தான் விழணும்," என்றாள். மாமா அந்தச் சுவிட்சை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை பண்ணிக் காட்டும்மா," என்றார். மறுபடியும் விழுந்தது.

பிறகு குளித்துவிட்டு, நல்ல சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, கூட வர்றீங்களா?"

நாலு வருஷத்தில் அவர் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. நான் அளவுமானியை எடுத்துக்கொண்டேன். எலக்ட்ரீஷியனும் பையைத் தூக்கினாள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் செருப்பு அலமாரியை முகர்ந்து பார்த்துவிட்டு, மாமாவின் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். எலக்ட்ரீஷியனையும் எங்களையும் சேர்த்துப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தையல் மெஷினை விட்டு எழுந்து நின்றார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றார் மாமா.

"கூப்பிட்டப்பல்லாம் சாப்பிடற சாப்பாட்டை விட்டுட்டு ஓடி வந்தீங்களேண்ணா. உங்க மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

மாமா பச்சைச் சுவரைப் பார்த்தார். "சொல்லியிருந்தா, என் பேத்தி இந்த மூணு மாசம் அந்தச் சுவர் ஓரமா தூங்கியிருக்க மாட்டாளேம்மா."

அந்தம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாமா குரலை உயர்த்தவில்லை, கோபமும் படவில்லை. "உன் மேல தப்பு இல்லை. தப்பு என்னோடது," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து சீட்டு எண் இரண்டு. நாலு வீடு தள்ளி, கண்ணாடிக் கடைக்காரர் வீடு. கதவருகே போனதும் மாமா நின்றுவிட்டார்.

"என்ன சொல்றது மாப்பிள்ளை? எங்கே ஆரம்பிக்கிறது?"

"நான் சொல்லட்டுமா மாமா?"

கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். சீட்டு ஒட்டினது நான்தானே."

மணியை அவரே அடித்தார். கண்ணாடிக் கடைக்காரர் கதவைத் திறந்து மாமாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வரவேற்றார். உள்ளே திரும்பி, ஃபியூஸ்காரர் வந்திருக்கார், டீ போடு என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"வாங்க, வாங்க. நீங்க வந்து கட்டினதுல இருந்து ஃபியூஸ் போகவே இல்லைங்க. ஒரு தடவைகூட."

"அதுக்குத்தான் வந்தேன்," என்றார் மாமா. "டீ அப்புறம் குடிக்கலாம். முதல்ல மெயினை அணைங்க."